அமெரிக்க வரலாற்று வகுப்பில் விடுபட்டுப்போகும் பன்னிரண்டு ஆண்டுகள்

டெக்சாஸ் மாநில அரசுக் கல்லூரிகளில் கணினிப் பொறியியல் படிப்பவரானாலும் கணக்கியல் படிப்பவரானாலும், அமெரிக்க வரலாற்றில் ஆறு கிரெடிட் முடிக்காமல் இளநிலைப் பட்டம் பெற முடியாது. மாநிலச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் இதை இரண்டு பாடங்களாகப் படிக்கிறார்கள். ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய காலம் முதல் உள்நாட்டுப் போர்க் காலம் வரை ஒன்று; அங்கிருந்து இன்றுவரை மற்றொன்று. இவ்விரண்டையும் கற்பித்துவரும் ஆசிரியை என்ற முறையில், இந்தப் பிரிப்பினால் விளையும் ஒரு பெருங்குறையை மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடத்தில் இருப்பது 1865 முதல் 1877 வரையிலான மறுசீரமைப்புக் காலம் (Reconstruction); அதாவது, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோய்ப் போரில் தோற்ற தென் மாநிலங்கள் மீண்டும் நாட்டோடு இணைக்கப்பட்ட ஆண்டுகள். பாடத்திட்டத்தின்படி அது இரண்டு பாடங்களுக்கும் உரியது. நடைமுறையில் பல வகுப்புகளில் இரண்டிலுமே இல்லாமல் போய்விடுகிறது.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் செமஸ்டரில் உள்நாட்டுப் போருக்கு வந்து சேர்வதற்குள் நவம்பரில் பாதி கடந்திருக்கும். இடையில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வரும். அது முடிந்து திரும்பினால் தேர்வு நெருங்கிவிடும். கெட்டிஸ்பர்க் சண்டை, அதிபர் லிங்கன் கொலை, அடிமைமுறையை ஒழித்த 13ஆவது சட்டத் திருத்தம் என்று விரைந்து முடித்து, மிச்சத்தை அடுத்த பாடத்தில் பார்க்கலாம் என்ற சொல்லோடு வகுப்பு நிறைவடைகிறது. ஜனவரியில் இரண்டாம் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியரோ, மாணவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள் என்ற எண்ணத்தில் ரயில்பாதைகளுக்கும் எஃகு ஆலைகளுக்கும் போய்விடுகிறார். முதல் பாடத்தை உயர்நிலைப் பள்ளியிலேயே முடித்துவிட்டு, இரண்டாவதைக் கல்லூரியில் வேறோர் ஆசிரியரிடம் படிக்கும் மாணவர்கள் இப்போது ஏராளம். அவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்தவை சாதாரணமானவை அல்ல. அடிமைகளாக இருந்த ஏறத்தாழ 40 லட்சம் பேர் குடிமக்களாயினர். 1870இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹைரம் ரெவல்ஸ், நாடாளுமன்ற மேலவையான செனட்டில் அமர்ந்த நாட்டின் முதல் கறுப்பினத்தவரானார். தென் கரோலினா சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மையாக இருந்தனர்; தென் மாநிலங்களில் அனைவருக்குமான பொதுப்பள்ளி முறை வேரூன்றியதும் அப்போதுதான். 1868இல் நிறைவேறிய 14ஆவது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர் அனைவரும் குடிமக்கள் என்று அறிவித்தது. ஹெச்-1பி விசாவில் வந்த தமிழ்ப் பெற்றோருக்கு ஹூஸ்டனிலோ டாலஸிலோ பிறந்த பிள்ளைகள் குடியுரிமை பெற்றது இந்த ஒரு வாக்கியத்தால்தான். 2025 ஜனவரியில் அந்த உரிமையைச் சுருக்க முனையும் அதிபர் ஆணை வெளியாகி நீதிமன்றங்களில் வழக்கானபோது, எங்கள் மாணவர்களில் பலருக்கு அந்தத் திருத்தம் எந்தச் சூழலில், யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரிந்திருக்கவில்லை. இந்தப் பாடத்தைக் கோடையில் எப்படியாவது முடித்துவிடு என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொல்லித்தராமல் விட்ட இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. பழைய கதை ஒன்று அங்கே வந்து குடியேறிவிடுகிறது. அந்தக் கதையும் ஒரு கல்லூரி வகுப்பறையிலிருந்து வந்ததுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங் என்ற பேராசிரியரிடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயின்றவர்கள், தென் மாநிலங்கள் ஒவ்வொன்றின் மறுசீரமைப்புக் காலத்தையும் தனித்தனி ஆய்வாக எழுதினார்கள். கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை அளித்ததே தவறு, அவர்கள் பங்கேற்ற ஆட்சிகள் ஊழல் நிறைந்தவை, வெள்ளையர் ஆட்சி மீண்டதால்தான் தெற்கு பிழைத்தது என்பதே அவற்றின் சாரம். ஆவணங்களைத் திரட்டுவதில் அவர்கள் கடும் உழைப்பாளிகள் என்பதை மறுக்க முடியாது. அந்த உழைப்பே இந்த முடிவுகளுக்கு நம்பகத்தன்மையைத் தந்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்களில் நிலைக்கச் செய்தது. 1909 டிசம்பரில் அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் கூட்டத்தில் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் இதற்கு மாறாக, மறுசீரமைப்பினால் விளைந்த நன்மைகளைப் பற்றி ஆய்வுரை வாசித்தார். மறு ஆண்டே அது கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. ஆயினும் கறுப்பினத்தவரின் சமவுரிமைப் போராட்டங்கள் நாட்டை உலுக்கிய பிறகுதான் வகுப்பறைகள் மாறத் தொடங்கின.

வகுப்பறையில் சொன்னது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரைக் காட்டலாம். 1873 ஏப்ரல் 13 அன்று அங்கே நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் தாக்கியது. சரணடைந்த பிறகும் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1950இல் மாநில அரசு அங்கே நட்ட பலகை இதைக் ‘கலவரம்’ என்று அழைத்தது. மூன்று வெள்ளையரும் 150 கறுப்பினத்தவரும் மாண்டனர் என்று சொல்லிவிட்டு, தெற்கில் வடக்கத்தியரின் சீர்கெட்ட ஆட்சி முடிவுக்கு வந்ததை இந்நிகழ்வு குறிக்கிறது என்று முடித்தது. 2021 வரை அந்தப் பலகை அங்கேயே நின்றது.

இந்தக் காலத்தை நடத்தும்போது ஸ்லைடுகளைக் குறைத்துக்கொண்டு ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுவது என் வழக்கம். டென்னசியில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜோர்டன் ஆண்டர்சன், திரும்பி வந்து வேலை செய்யும்படி அழைத்த பழைய எஜமானுக்கு ஒஹாயோவின் டேட்டன் நகரிலிருந்து 1865 ஆகஸ்டில் சொல்லி எழுதுவித்த பதில் அது. தான் 32 ஆண்டுகளும் மனைவி மாண்டி 20 ஆண்டுகளும் உழைத்ததற்கு, தனக்கு மாதம் 25 டாலர், மனைவிக்கு வாரம் 2 டாலர் என்று கணக்கிட்டு 11,680 டாலர் கூலி பாக்கியை அவர் கேட்கிறார். உடுத்தத் தந்த துணிக்கும், மருத்துவர் தன்னை மூன்று முறை பார்த்ததற்கும், மாண்டிக்கு ஒரு பல் பிடுங்கியதற்கும் ஆன செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். மாணவர்கள் கைபேசியை எடுத்துப் பெருக்கிப் பார்ப்பார்கள். கணக்கு ஒரு டாலர்கூடப் பிசகாமல் வரும். அதற்குப் பிறகு, விடுதலை பெற்றவர்கள் அரசியலுக்குத் தகுதியற்றவர்களாக இருந்தார்கள் என்ற வாதத்தைத் தனியாக மறுக்க வேண்டிய தேவை எழுவதில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒருவர் தன் உரிமையை எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார் என்பது அவர்கள் கண்முன் இருக்கிறது.

ஆகவே, இந்தப் பாடத்தில் சேரும் மாணவர்கள் முதல் வாரத்தில் தரப்படும் கால அட்டவணையில் 1865க்குப் பிறகான ஆண்டுகளுக்கு எத்தனை வகுப்புகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆசிரியர் எவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், குறைந்தது படிக்க வேண்டியதையாவது சுட்டிக்காட்டுவார். வகுப்புக்கு வெளியே கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு, யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிளைட் 2008இல் நடத்திய 27 விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1845 முதல் 1877 வரையிலான காலத்தை ஒரே பாடமாக எடுத்துக்கொண்டதால், போர் முடிந்த இடத்தில் அவர் நிறுத்திவிடவில்லை. கடைசிப் பகுதி முழுவதும் மறுசீரமைப்பைப் பற்றியதே. நேரம் குறைவாக உள்ளவர்கள் அந்தக் கடைசிப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.