பதிந்ததும் படிந்ததும்: சுவடு என்ற சொல்லைப் பற்றி

"மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. தடயவியல் நிபுணர்கள் தடயங்களைச் சேகரித்தனர்." கொலை, கொள்ளைச் செய்திகளின் கடைசிப் பத்தியில் இந்த இரண்டு வரிகளையும் எத்தனையோ முறை படித்திருப்போம். என்ன தடயம்? விரல்ரேகை என்றால் 'கைரேகை' என்று செய்தியாளர் தெளிவாக எழுதிவிடுவார். தரையில் இருந்த செருப்பின் அடையாளமோ வண்டிச் சக்கரத்தின் அடையாளமோ என்றால், 'தடயம்' என்ற பெரிய சாக்கில் போட்டு வாயைக் கட்டிவிடுவார். இரத்தத்துளி, முடி, கண்ணாடிச்சில், துப்பாக்கிக் குண்டு எல்லாமே தடயம்தான். தரையில் விழுந்த அடையாளத்துக்குத் தனிச்சொல் வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக: சுவடு, தடம்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். எனக்கு அவை வேறுவேறாகவே தெரிகின்றன. 'தட' என்ற உரிச்சொல்லுக்குப் பெருமை என்றும் வளைவு என்றும் தொல்காப்பியம் பொருள் சொல்கிறது. அகன்றது, நீண்டது என்ற பொருள் குளத்துக்கும் வழிக்கும் போய்ச் சேர்ந்தது. பேருந்து வழித்தடம், ரயில் தடம் புரண்டது, வயல் வரப்போரத்து வண்டித்தடம் என்று எதை எடுத்தாலும் அதில் ஒரு போக்கு இருக்கிறது. தடம் எங்கோ போகிறது. சுவடு அப்படியல்ல, பட்ட இடத்தில் நிற்கிறது. கயிலைக்குப் புறப்பட்டு உடல் தேய்ந்து, ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்த அப்பர், 7ஆம் நூற்றாண்டில் "யாதும் சுவடு படாமல் ஐயாறு அடைகின்ற போது" என்று பாடினார். நடந்து வந்ததற்கான ஓர் அடையாளமும் தரையில் இல்லை. சுவட்டுக்குரிய வினை 'படுதல்' என்பதையும் அந்த வரியே காட்டிவிடுகிறது. ஆகவே ஒரு செருப்பு ஒருமுறை பட்ட அடையாளம் சுவடு. சுவடுகள் வரிசையாகச் சேர்ந்து ஆள் வந்த வழியையும் போன வழியையும் காட்டினால் அது தடம்.

ஆங்கிலத்தில் இதற்கு 'இம்ப்ரெஷன்' என்பார்கள். உள்ளே அழுத்துதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். அதிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஈர மண்ணில் செருப்பு அழுந்தினால் பள்ளம் விழும், சரி. ஆனால் மொசைக் தரையில் தூசிக்காலோடு நடந்தால் எதுவும் அழுந்துவதில்லை, தூசிதான் ஒட்டிக்கொள்கிறது. அதையும் இம்ப்ரெஷன் என்றே சொல்லிவிட்டு, முப்பரிமாணம், இருபரிமாணம் என்று அடைமொழி சேர்த்துப் பிரிக்கிறார்கள். பாடநூல் மொழிபெயர்ப்பில் இது 'முப்பரிமாணப் பதிவு' ஆகி, கேட்பவருக்கு ஏதோ திரைப்படத் தொழில்நுட்பம் போலப் படுகிறது.

தமிழில் ஓர் எழுத்து மாறினால் போதும். மண்ணில் செருப்பு பதிகிறது. தரையில் தூசி படிகிறது. முன்னது பதிசுவடு, பின்னது படிசுவடு. அகராதியில் தேடி எடுக்க வேண்டிய சொற்கள் அல்ல இவை. சேற்றில் கால் பதிவதும் அலமாரியில் தூசி படிவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இந்தப் பிரிவு வெறும் பெயருக்கானது அல்ல. சுவட்டை எடுக்கும் முறையே இதைப் பொறுத்துத்தான் மாறும். படிசுவட்டை ஒற்றி எடுக்க வேண்டும். ஜெலட்டின் பூசிய தாளை மேலே வைத்து மெல்ல அழுத்தித் தூக்கினால் தூசி அதில் ஏறிவிடும். தூசி உலர்ந்திருந்தால், உலோகப்பூச்சுள்ள கருப்புப் படலத்தை விரித்து உயர் மின்னழுத்தம் கொடுப்பார்கள்; தூசி தானே எழும்பி அதில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றுதல் என்றால் மெல்ல அழுத்துதல். அந்த வினையின் பக்கத்திலேயே, அரசனுக்காகச் செய்தி அறிந்து வரும் ஒற்றனும் நிற்கிறான். துப்பறியும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது.

பதிசுவட்டுக்கு வார்ப்பு. தோசை வார்க்கிறோமே, அதே சொல். பல் மருத்துவர்கள் பல் அச்சுக்குப் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் என்ற மாவுதான் இன்று இதற்கு விரும்பப்படுகிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் போலவே அதுவும் ஜிப்சத்திலிருந்து வருவதுதான், ஆனால் காய்ந்தபின் அதைவிட உறுதியானது. ஏறக்குறைய 900 கிராம் மாவுக்கு 350 மில்லி தண்ணீர் விட்டு, பைக்குள்ளேயே தோசை மாவுப் பதத்துக்குப் பிசைந்து ஊற்றுவார்கள். ஒரு மழைக்குப் பிறகு கொல்லையில் என் செருப்புச் சுவட்டின் மேல் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். அவசரத்தில் நேரே மேலிருந்து ஊற்றிவிட்டேன். குதிகால் பகுதியில் தெளிவாகத் தெரிந்த மெல்லிய கோடு ஒன்று அந்த விசையில் கரைந்து போனது. அன்றுதான் புரிந்தது: சுவட்டுக்குப் பக்கத்தில் ஊற்றி, மாவு தானாக உள்ளே வழியும்படி விட வேண்டும். அரைமணி நேரமாவது இறுகவிட்டுத்தான் தூக்க வேண்டும். இறுகுவதற்கு முன்பே பின்புறத்தில் தேதி, வழக்கு எண், வடதிசைக் குறி ஆகியவற்றைக் கீறிவிடுவார்கள். ஒட்டிய மண்ணைக் கழுவ ஒருநாள், இரண்டுநாள் பொறுக்க வேண்டும்.

வார்ப்பதற்கு முன் படம் எடுத்தாக வேண்டும். சுவட்டுக்கு நேர் மேலே கேமரா, சுவட்டின் ஆழத்துக்கே இறக்கி வைத்த அளவுகோல், தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்த டார்ச். உச்சி வெயிலில் தெரியாத மேடுபள்ளம் சாய்வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

செருப்பைச் சுவடு என்றால் டயரைத் தடம் என்பேன். கால் எடுத்து எடுத்து வைக்கும்; சக்கரம் விடாமல் உருண்டு கோடு போடும். டயர் என்ற சொல், உடையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம், சக்கரத்துக்கு உடுத்திவிட்டது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்பை நாம் பட்டா என்றோம். டயரை டயர் என்றே எழுதலாம், புதிதாக ஒன்று கட்ட வேண்டியதில்லை. டயர்த்தடத்தில் கவனிக்க வேண்டியது நீளம். ஓடும்போது ஒரே சுதியில் இரையாமல் இருக்க, டயரின் மேற்பரப்பில் புடைத்து நிற்கும் பட்டன் கட்டைகளை வேறுவேறு நீளத்தில் கலந்து அமைக்கிறார்கள். ஆகவே டயரின் சுற்றளவில் எந்த இடம் மண்ணில் பட்டது என்பதும் ஒப்பிட வேண்டிய செய்தி. ஒரு சாண் தடத்தைவிடச் சக்கரம் ஒரு முழுச்சுற்று சுற்றிய நீளம் எவ்வளவோ பேசும். நேரே போகும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை மிதித்து அழித்துவிடும். வளைவில்தான் இரண்டும் பிரிந்து தெரியும்.

சுவடு சொல்வது செருப்பை, போட்டவரை அல்ல. 1994 ஜூன் 12 இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் நிக்கோல் பிரவுன் சிம்ப்சனும் ரொனால்ட் கோல்ட்மனும் கொல்லப்பட்ட இடத்தில் இரத்தத்தில் படிசுவடுகள் இருந்தன. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் சுவடு நிபுணர் வில்லியம் பாட்சியாக் அந்தக் காலணி அடிப்பகுதியை இத்தாலியின் சில்கா நிறுவனம் வரை தேடிப்போய், புரூனோ மாலி காலணி, 12ஆம் அளவு என்று சொன்னார். காலணி கிடைக்கவே இல்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருந்த, நிக்கோலின் முன்னாள் கணவர் ஓ.ஜே. சிம்ப்சன் 1995இல் குற்ற வழக்கில் விடுதலையானார். அதே வகைக் காலணியோடு அவர் 1993இல் நிற்கும் படங்கள் பிறகு வெளிவந்தன. 1997இல் உரிமையியல் வழக்கில் அவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. வகையும் அளவும் பொதுக்கூறு. ஆணி கிழித்த வெட்டும் சிக்கிய கல்லும் தனிக்கூறு. தனிக்கூறுகளை வைத்து 'இந்தச் செருப்பேதான்' என்று அறுதியிடும் முறைக்குப் போதிய சோதனை ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு 2016இல் சொன்னது. நிபுணரின் சொல் எவ்வளவு தூரம் போகலாம் என்பது இன்றும் தீராத வழக்கு.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. கொலை நடந்த இடத்திலோ அருகிலோ கைகலப்பால் தரையில் ஏற்பட்ட அடையாளங்களை 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 7ஆம் பிரிவே எடுத்துக்காட்டாகச் சொன்னது. கைதிகளிடம் அளவு எடுப்பது பற்றிய 1920ஆம் ஆண்டுச் சட்டம் விரற்பதிவோடு பாதப்பதிவையும் சேர்த்தது. வெறும் பாதம் வேறு, செருப்பு வேறு. 'காலடித்தடம்' என்று எழுதினால் இரண்டும் குழம்பும். வெறுங்காலுக்குப் பாதச்சுவடு, மற்றதற்குச் செருப்புச் சுவடு. பழைய தமிழில் செருப்பு 'தொடுதோல்'. அதைப் போட்டுப் போட்டு வடு ஆழ்ந்த இடையனின் காலைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. செருப்பு மண்ணில் மட்டுமல்ல, காலிலும் பதிகிறது.

சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் பார்வை மகஜரில் 'காலடித்தடம் காணப்பட்டது' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, 'கொல்லை வாசற்படியில் தூசியில் இடது செருப்பின் படிசுவடு ஒன்று, கிணற்றடி ஈரமண்ணில் வலது செருப்பின் பதிசுவடு இரண்டு, அங்கிருந்து வேலிவரை தெற்கே போகும் தடம்' என்று எழுதலாம்.