வீடியோ பார்த்து ஆடும் பிள்ளைகளும் வறுத்த ஈரலும்

வீடியோவில் பார்த்த ட்ராப்பை (எதிராளியைச் சிக்கவைக்கும் பொறி) நம்பி ஆடித் தோற்றவர்களில், இந்த மாதம் இது நாலாவது பையன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். போன ஞாயிறு 25 நிமிட ஆட்டம். நாலு நிமிடம்கூட ஆகவில்லை, பையன் மண்டபத்துக்கு வெளியே கண் கலங்கி நிற்கிறான். "மாஸ்டர், அவன் வீடியோவில வந்த மாதிரி ஆடல."

ஏன் ஆடணும்?

இத்தாலியன் திறப்பில் (திறப்பு என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) வெள்ளை மந்திரி (பிஷப்) சி4 கட்டத்தில் இருக்க, குதிரை ஜி5க்குப் பாய்ந்து எஃப்7ஐக் குறிவைக்கும். கறுப்பு டி5இல் சிப்பாயைத் தள்ளும், வெள்ளை வெட்டும். இங்கே கறுப்பு திருப்பி குதிரையால் வெட்டினால்தான் 'வறுத்த ஈரல்' என்ற ட்ராப். குதிரையை எஃப்7இல் பலி கொடுத்து, ராணியை எஃப்3க்குக் கொண்டுவந்து செக் வைத்து, ராஜாவை நடுப் பலகைக்கு இழுக்கலாம். 400 வருடப் பழைய வித்தை. பேரைக் கேட்டாலே பிள்ளைகள் சிரிப்பார்கள், ஈரல் பிரட்டல் ஞாபகம்.

அன்று எதிராளி அப்படி வெட்டவில்லை. சி6இல் இருந்த குதிரையை ஏ5க்கு வைத்து மந்திரியைத் தாக்கினான். நம்ம பையன் அதைப் பார்க்கவே இல்லை. எஃப்7இல் குதிரையைக் கொடுத்தான், ராணியை எஃப்3இல் வைத்து "செக்" என்றான். செக்கே இல்லை! எஃப்6இல் கறுப்புக் குதிரை குறுக்கே நிற்கிறது. மந்திரியும் போச்சு.

பெற்றோரே, ட்ராப் என்பது திறப்பு அல்ல. எதிராளி தப்பு செய்தால் கிடைக்கும் பரிசு அது, நாம் கட்டாயப்படுத்த முடியாது. "மாஸ்டர், ஜெயிக்கிற ட்ராப் ஒன்று சொல்லிக் கொடுங்க" என்று செம்பனை ஆலை ஷிப்டு முடித்து வந்து கேட்கிறீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் ஏ5க்குப் பதில் தெரியாதவனுக்கு ஜி5 எதற்கு? மந்திரியை பி5இல் வைத்துச் செக் கொடுத்து, கறுப்பு சி6இல் சிப்பாயை வைத்ததும் அதை வெட்டணும். அவன் திருப்பி வெட்டினால் மந்திரியைப் பின்வாங்கணும். கையில் ஒரு சிப்பாய் அதிகம், காய்களை வெளியே கொண்டுவரும் வேகத்தில் அவன் முன்னே. பொறுமையாகத் தற்காக்க வேண்டிய ஆட்டம். இதை எந்த வீடியோவும் 30 விநாடியில் காட்டாது.

தம்பிகளா, எதிராளி வைத்ததும் கையைத் தொடைக்கு அடியில் வை. "ஏன் அங்கே வைத்தான்?" என்று கேள். தொட்டால் அந்தக் காயைத்தான் ஆடணும், அழுதாலும் நடுவர் விடமாட்டார்.

அப்புறம், போட்டிக்கு முந்தின இரவு புது வீடியோ காட்டாதீர்கள், தயவுசெய்து. நாசி லெமாக் வாங்கிக் கொடுத்து ஒன்பது மணிக்குப் படுக்க வையுங்கள்.