பாக்கெட்டின் முதுகைப் படியுங்கள்

"சர்க்கரை சேர்க்கவில்லை என்றுதானே போட்டிருக்கிறது மேடம், பிறகு எப்படி ஏறும்?"

இந்த வாரம் மட்டும் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் இந்த அம்மா. ரத்தச் சர்க்கரைச் சோதனை முடிவைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து பாதி காலியான பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். முகப்பில் ஒரு பச்சை இலை. அதன் கீழ் கொட்டை எழுத்தில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'. பிரித்த வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். அதை நகர்த்திய பிறகுதான் அடியில் இருந்த பொடி எழுத்து தெரிந்தது: 100 கிராமில் மாவுச்சத்து 68 கிராம். சேர்மானப் பட்டியலில் முதலில் மைதா, மூன்றாவதாக மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஒரு தூள்.

சாதாரண பிஸ்கட் வாங்கிய காலத்தில் பயந்து இரண்டோடு நிறுத்திக்கொள்வாராம். இப்போது தினம் எட்டு. அந்தப் பச்சை இலை அவருடைய பயத்தைப் போக்கிவிட்டது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் சொல்கிறேன். 'சேர்க்கப்படவில்லை' என்றால் 'இல்லை' என்று பொருளல்ல. பழச்சாற்றில் யாரும் சேர்க்காமலேயே சர்க்கரை உண்டு. சரி, சர்க்கரையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மைதா எங்கே போகும்? செரித்தால் அது குளுக்கோஸ்தான். மால்டோடெக்ஸ்ட்ரினும் அப்படியே, அதுவும் வெகு வேகமாக. ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் 'சர்க்கரை' என்ற வரியோடு நின்றுவிடக் கூடாது. அதற்கு மேலே இருக்கும் மொத்த மாவுச்சத்து வரியைப் பாருங்கள். உங்கள் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது 'ஒரு பரிமாறல்', அதாவது ஒரு தடவைக்கு என்று நிறுவனம் போடும் அளவு. இந்தப் பாக்கெட்டில் அது 2 பிஸ்கட், 20 கிராம். மாவுச்சத்து 14 கிராமுக்குள் அடங்குகிறது. பார்க்கச் சாதுவான எண். எட்டு சாப்பிட்டால் 54 கிராம். அந்தப் பரிமாறல் அளவு உங்கள் தட்டைப் பார்த்துப் போட்டதல்ல. இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது 100 கிராமுக்கான எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

சேர்மானங்கள் எடை வரிசையில் இருக்கும். முதல் மூன்றைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், உப்பு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. தாவர எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாக அது கிடையாது.

குற்றம் முழுவதையும் வாங்குபவர் தலையில் போட எனக்கு மனமில்லை. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ கலோரியோ மிகுந்த பொருள்களின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை போட வேண்டும் என்று சட்டம். விளம்பரக் கட்டுப்பாடுகளும் சேர்ந்து வந்தன. முதல் ஒன்றரை ஆண்டில் அங்கு இனிப்புப் பானங்கள் வாங்குவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. கெட்ட செய்தியையும் முகப்பில் போட்டால் மக்கள் படிக்கத்தான் செய்கிறார்கள்.

அந்த அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், கடைக்குப் போகும்போது மூக்குக்கண்ணாடி கொண்டுபோவீர்களா என்று. இல்லையாம், வீட்டில் பேப்பர் படிக்க மட்டும்தானாம். தயவுசெய்து கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எழுத்து அப்படியும் தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, மாவுச்சத்து வரியை மட்டும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.