புஷ்கினுக்கு ஓர் உருபு, சாப்ளினுக்கு வேறோர் உருபு

ரஷ்ய மொழியில் 'புஷ்கினோடு' என்பதற்கு 'ஸ் புஷ்கினிம்' என்பார்கள். 'சாப்ளினோடு' என்றால் 'ஸ் சாப்ளினொம்'. இரண்டும் 'இன்' என முடியும் குடும்பப் பெயர்கள், இரண்டும் ஆண்பால். வேற்றுமையும் ஒன்றுதான், 'ஆல்', 'ஓடு' இரண்டின் வேலையையும் பார்க்கும், நம் மூன்றாம் வேற்றுமையை ஒத்த வேற்றுமை. பிறகு ஏன் ஒருவருக்கு 'இம்', மற்றவருக்கு 'ஒம்'?

புஷ்கின் பெயர்ச்சொல்லாகப் பிறக்கவில்லை. கவிஞர் அலெக்சாந்தர் புஷ்கினின் முன்னோர் ஒருவருக்குப் 'புஷ்கா' என்று பட்டப்பெயர். பீரங்கி என்று பொருள். 'அ' ஒலியில் முடியும் பெயரோடு 'இன்' சேர்ந்தால், ரஷ்ய மொழி அடங்கிய ஸ்லாவிய மொழிக் குடும்பத்தில் 'அவருடைய' என்ற பொருள் வரும். மெய்யில் முடியும் பெயரோடு 'ஒவ்' சேரும். யார் பிள்ளை என்று கேட்டால், புஷ்காவின் பிள்ளை புஷ்கின், இவானின் பிள்ளை இவானொவ். ஆக, இவை பெயரடைகள். குடும்பப் பெயராக உறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகும், பெயரடைக்குரிய 'இம்' உருபை விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றன. சாப்ளின், டார்வின் ஆகியவை ஆங்கிலப் பெயர்கள். அவற்றின் இறுதியில் உள்ள 'இன்' யாருடைய பிள்ளை என்றும் சொல்வதில்லை. ஆகவே சாதாரணப் பெயர்ச்சொல்லின் 'ஒம்'தான் அவற்றுக்கு.

இதைவிட அழகான சான்று ஒன்று உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே, ஜார் மன்னர்களின் அரண்மனை இருந்த ஊருக்கு 1937இல் புஷ்கின் என்றே பெயர் சூட்டினார்கள். கவிஞரைச் சொல்லும்போது 'புஷ்கினிம்', ஊரைச் சொல்லும்போது 'புஷ்கினொம்'. ஒரே சொல்தான், ஊர் யாருக்கும் பிள்ளை இல்லை என்பது உருபுக்குத் தெரிந்திருக்கிறது!

பெயரடை என்பதால்தான் அது பாலுக்கேற்பவும் மாறுகிறது. கவிஞரின் மனைவி நத்தாலியா, புஷ்கினா ஆனார். நடிகை ஜெரால்டின் சாப்ளினின் குடும்பப் பெயரோ ரஷ்ய மொழியில் எந்த உருபையும் ஏற்காமல் அப்படியே நிற்கும். இன்னொரு ஸ்லாவிய மொழியான செக்கிலும் பெண்களின் குடும்பப் பெயர் 'ஒவா' என முடிவது நெடுநாள் வழக்கம். 2022 ஜனவரி முதல், விரும்பும் பெண்கள் ஆண்பால் வடிவத்தையே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

ஆட்களின் பெயர்களை இப்படித் தங்கள் மொழியிலேயே வார்த்துக்கொண்ட ஸ்லாவியர்கள், பெரிய ஆறுகள் பலவற்றின் பெயரை அந்த மண்ணில் முன்பு வாழ்ந்தவர்களிடமிருந்து பெற்றார்கள். கருங்கடலுக்கு வடக்கே பரந்த புல்வெளியில் சித்தியர்களும் சர்மாத்தியர்களும் ஈரானிய மொழிகளைப் பேசினார்கள். ஆற்றுக்கு அவர்கள் வைத்திருந்த சொல்தான் டான், டினீப்பர், டினீஸ்டர் மூன்றிலும் ஒளிந்திருக்கிறது. அவர்களுடைய மொழிக்கு உறவான ஒசேத்திய மொழி காக்கசஸ் மலைப்பகுதியில் இன்றும் பேசப்படுகிறது. அதில் 'டான்' என்றால் தண்ணீர், ஆறு. 'டான் ஆறு' என்று சொல்லும்போது நாம் 'ஆறு ஆறு' என்றே சொல்கிறோம்.

வந்த சொல்லை ஸ்லாவிய இலக்கணம் உடனே தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது. மெய்யில் முடிந்ததால் டான் ஆண்பால். நாட்டுப் பாடல்களில் அது தந்தை. 'அ'வில் முடியும் வோல்கா பெண்பால், அது அன்னை. இடப்பொருளில் பெரும்பாலான ரஷ்ய ஆண்பால் சொற்கள் 'எ' உருபு ஏற்கும். காடு, தோட்டம் போன்ற சில சொற்கள் மட்டுமே 'உ' என்ற பழைய உருபை இன்னும் காத்துவருகின்றன. வெளியிலிருந்து வந்த டானும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. மாயின் ஆற்றங்கரை பிராங்பர்ட் 'நா மாய்னெ' ஆக, டான் ஆற்றங்கரை ரஸ்தோவ் 'நா டனு' ஆகிறது.

அந்த ஊர்ப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். 1761இல் அங்கே எழுந்த கோட்டைக்கு, வடக்கே உள்ள பழைய ரஸ்தோவ் நகரின் திமித்ரி என்ற புனிதரின் பெயரை வைத்தார்கள். அந்தப் பழைய ஊர்ப் பெயருக்கு, 'ரோஸ்த்' என்பவருடைய ஊர் என்று பொருள் சொல்வதுதான் பரவலான விளக்கம். என்றோ வாழ்ந்த ஒருவரின் பெயர், 'ஒவ்' என்ற உடைமை விகுதி, புல்வெளி மக்கள் தண்ணீரை அழைத்த சொல், அதன் மேல் பழைய ஸ்லாவிய 'உ'. ரயில் டிக்கெட்டில் 'ரஸ்தோவ்-நா-டனு' என்று அச்சாகும்போது இத்தனையும் சேர்ந்தே அச்சாகின்றன.