வளைகாப்புக்கு மறுநாள் வயிறு

வளைகாப்பு முடிந்த மறுநாளே ஓ.பி.க்கு வந்து, "டாக்டரம்மா, வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்று உட்காரும் பெண்களை கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வேலை பார்க்கும் எந்த மருத்துவரும் பார்த்திருப்பார். புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் இலையில் இருக்கும். வந்தவர்கள் ஆளுக்கொரு வாய் ஊட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாது. மேலே வடை, கடைசியில் ஒரு சோடா.

சாப்பாட்டை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. கரு தங்கியதுமே புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கூடுகிறது. கருப்பை சுருங்காமல் இருக்க அது வேண்டும். ஆனால் அதே ஹார்மோன் குடல் தசையையும் தளர்த்திவிடும். உணவு மெதுவாக நகரும், மலம் இறுகும், காற்று தங்கும். வயிறே தெரியாத இரண்டாம் மாதத்தில்கூட பாவாடை நாடா இறுக்குவது இதனால்தான். கடைசி மாதங்களில் வளர்ந்த கருப்பையும் குடலை நெருக்கும்.

அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை. நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் போடச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். மலம் கறுத்து இறுகியதும் மாத்திரை பீரோ மேல் ஏறிவிடும். கேட்டால் "போடுறேன்" என்பார்கள். ரத்தப் பரிசோதனையில் குட்டு உடையும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். கால்சியம் மாத்திரையோடும் காபியோடும் சேர்க்க வேண்டாம். (தஞ்சை ஜில்லாவில் காபியைத் தள்ளிவைக்கச் சொல்வது லேசான காரியமில்லை, தெரியும்.) அப்படியும் சிரமமென்றால் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித் தரலாம்.

வீட்டுப் பெரியவர்கள் வாயு என்று பருப்பு, கிழங்கு, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சுவது ரசம் சாதம். அதில் புரதம் எங்கே இருக்கிறது? மொச்சை, கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் பொருமல் குறையும். எது தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்து அதை மட்டும் குறைத்தால் போதும்.

நடவுக்குப் போகும் ஒரு பெண்ணிடம் ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்று கேட்டேன். "குடிச்சா ஒதுங்கணும்ல, வயல்ல எங்க ஒதுங்குறது?" என்றார். அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை. பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல், பொழுது சாய்ந்து வந்து ஒரே வேளையாக நிறையச் சாப்பிட்டுப் படுத்தால் வயிறு ஊதத்தான் செய்யும். கிளம்பும் முன்பும் வந்த உடனேயும் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். பழையதில் மோர் ஊற்றி எடுத்துப்போய் இடையில் சாப்பிடலாம். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்து, வாசலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு இடப்பக்கமாகப் படுத்தால் பலருக்குப் போதும்.

சீரகத் தண்ணீர் குடிக்கலாம். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பிரசவ வலியைத் தூண்டிவிடலாம். நுரைக்கும் சோடா உப்புப் பொடிகளையும் கேட்காமல் போடாதீர்கள். அதிலுள்ள சோடியம் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

எனக்குப் பயமெல்லாம் வாயு இல்லாததை வாயு என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் விடாத வலி, கூடவே தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்றால் ரத்த அழுத்தம் ஏறி ஈரலைப் பாதித்திருக்கலாம். விட்டுவிட்டு, ஒரே இடைவெளியில் வயிறு இறுகினால் குறைமாதப் பிரசவ வலியாக இருக்கலாம். ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வந்து பார்த்து வெறும் வாயுதான் என்று தெரிந்தால் நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.