ஸ்க்ரோல் சா வாங்கும் முன் பிளேடு மாட்டும் இடத்தைப் பாருங்கள்

பூஜை அறைக் கதவுக்கு ஜாலி (ஓட்டை ஓட்டையான அலங்காரப் பலகை) அறுக்க, வீட்டுக்குப் பெயர்ப்பலகை செய்ய எந்த ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி நுணுக்கமாக அறுக்கும் மெஷின்) நல்லது என்று கேட்டு வருபவர்கள், அடுத்த மூச்சில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" டிரில், கிரைண்டர் வாங்கிய பழக்கம். இந்த மெஷினுக்கு வாட்ஸ் பெரிய விஷயமே இல்லை. சின்னப் பட்டறைகளுக்கு வருபவை பெரும்பாலும் 90 முதல் 120 வாட்ஸ்தான். அரை இஞ்ச் தேக்குக்கு அது தாராளம். இரண்டு இஞ்ச் கனம்வரை அறுக்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். முக்கால் இஞ்சைத் தாண்டினாலே மெல்லிய பிளேடு வளைந்து, மேலே ஒரு கோடும் அடியில் ஒரு கோடுமாகப் போகும்.

நுணுக்க வேலையில் நேரம் போவது அறுப்பதில் இல்லை, பிளேடைக் கழற்றி மாட்டுவதில். 'இல்லம்' என்று ஒரு பலகை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். 'ல'வின் சுழிக்குள் ஒரு துண்டு எடுக்க வேண்டும். அதற்கு முதலில் டிரில்லில் துளை போட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி, பலகையை அதில் கோத்து, மறுபடி மாட்டி, விறைப்பேற்றி, அறுத்து முடித்ததும் திரும்பவும் கழற்ற வேண்டும். பக்கத்து 'ல'வுக்கும் இதே கதை. பூஜைக் கதவு ஜாலி என்றால் நூறு ஓட்டை சர்வ சாதாரணம். (மெய்யெழுத்தின் புள்ளி தனியாகக் கழன்று விழுந்துவிடும். டிசைன் வரையும்போதே பின்பலகை கொடுப்பதா, புள்ளியை எழுத்தோடு ஒட்டி வரைவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.)

விலை குறைந்த மெஷின்களில் சில, 'பின்' வைத்த பிளேடை மட்டும்தான் பிடிக்கும். பிளேடின் இரண்டு முனையிலும் குறுக்காக ஒரு சின்ன ஊசி இருக்கும், கொக்கியில் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஊசி நுழைய ஒன்றரை நூல், கிட்டத்தட்ட 5 மி.மீ. துளை வேண்டும். சின்ன எழுத்தில் 'ல'வின் சுழியே அவ்வளவு வராது. பின் இல்லாத 2-ஆம் நம்பர் பிளேடு 1.5 மி.மீ. துளையில் போய்விடும். மெல்லிய பிளேடுகளும் பின் இல்லாத வகையில்தான் கிடைக்கும்.

"இரண்டும் மாட்டலாம் சார்" என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஆனால் எப்படி மாட்டுவது என்று கேளுங்கள். சில மெஷினில் அடாப்டரைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அலன் கீயால் (ஆறு பட்டைத் திருகுசாவி) திருக வேண்டும். பத்தாவது ஓட்டையிலேயே வெறுத்துவிடும். விரலால் திருகும் பிடியும், மெஷினின் மேல்கையைத் தூக்கி நிறுத்தும் வசதியும், விறைப்பை முன்பக்கமே தளர்த்தும் நெம்புகோலும் இருந்தால் கூடுதல் பணம் கொடுப்பதில் தப்பில்லை. பிளேடைக் கழற்றி ஒரு துளைக்குள் கோத்துக் காட்டச் சொல்லுங்கள். அவரே தடுமாறினால் நீங்களும் தடுமாறுவீர்கள்.

பின் இல்லாத பிளேடு 5 இஞ்ச் நீளம். நகைப் பட்டறைச் சாமான் கடைகளில் தங்க வேலைக்கு விற்கும் பிளேடும் ஏறக்குறைய அதே 130 மி.மீ.தான். மெல்லிய பித்தளைத் தகடு வெட்ட அது நன்றாக உதவும். மரத்துக்குப் போட்டால் பல்லில் தூள் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது அதிர்வு. ஓடும்போது மேசை நடுங்கினால் கோடு பிசிறும். மெஷினைக் கனமான பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, வேகத்தைக் கூட்டி, அதன் மேசையில் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், விழாமல் நிற்க வேண்டும். அப்புறம் வேகக் கட்டுப்பாடு அவசியம். பிளேடு மேலும் கீழும் போவதை நிமிடத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை மாற்ற முடிவது நல்லது. அக்ரிலிக்கை முழு வேகத்தில் வெட்டினால் பின்னாலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். பிளேடுக்கும் பின்னால் உள்ள மெஷின் தூணுக்கும் நடுவே 16 இஞ்ச் இடைவெளி பெரும்பாலான வேலைக்குப் போதும்.

அமெரிக்காவில் இருக்கும் மாமா வாங்கி அனுப்புகிறேன் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷின். நம் ஊர் லைன் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஹெர்ட்ஸுக்கு ஏற்ப ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் வேகம் குறைந்து சூடும் ஏறும்.

புது மெஷின் நேராக அறுக்கவில்லை, வலது பக்கம் இழுக்கிறது என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. அது மெஷின் கோளாறு இல்லை. பல பிளேடுகளில் தயாரிக்கும்போதே ஒரு பக்க விளிம்பில் சன்னமான பிசிறு தங்கிவிடும், அந்தப் பக்கம் வெட்டு கூடும். பலகையை மேசைமேல் சற்றே கோணமாகத் திருப்பித் தள்ளிப் பழகினால் கை தானாகச் சரிசெய்துகொள்ளும். இன்னொன்று: பிளேடு மேலும் கீழும் போவது முக்கால் இஞ்ச்தான். கால் இஞ்ச் பிளைவுட்டில் அதே சில பற்கள்தான் உழைக்கும், பசை பட்டுச் சீக்கிரம் மழுங்கும். மேசைமேல் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு உயர்த்தினால் புதுப் பல் வேலைக்கு வரும்.

கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சி.என்.சி. மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்பார்கள். அதன் சுழலும் 3 மி.மீ. பிட் உள்மூலையில் 1.5 மி.மீ. வளைவை விட்டுத்தான் போகும். லேசரில் ஓரம் கருகும். கூர்மையான உள்மூலை வேண்டுமென்றால் ஸ்க்ரோல் சாதான்.

சத்தம் குறைவு, விரலைத் துண்டாக்காது என்பதால் இதைப் பொம்மை போல நினைப்பவர்கள் தூசியை மறந்துவிடுகிறார்கள். கோடு தெரிவதற்காக வைத்திருக்கும் காற்றுக் குழாய், நுண்ணிய தூளை நேராக மூக்குக்குத்தான் ஊதும், ஏனென்றால் முகம் பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. முக்கியமாக மூக்குப் பகுதியில். எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் அதில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் சேரும். துணி மாஸ்க் போதாது, என்-95 போடுங்கள். தூசி உறிஞ்சும் குழாய் மாட்ட வாய் இருக்கும் மாடலாக வாங்கி, காற்றுக் குழாயைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

கால் பெடல் சேர்த்து வாங்கினால் இரண்டு கையும் பலகையில் இருக்கும், வசதிதான். ஆனால் பிளேடு கோக்கும்போது பெடலை மட்டும் நம்பாமல் மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். குனிந்து அடிமுனையைத் தேடும்போதுதான் கால் தானாகப் போய் பெடலை மிதிக்கும்.