முகம் காட்டினால் திறக்கும் லேப்டாப்: கொல்லைக் கதவையும் பாருங்கள்

கோவையில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்குக் கணினி பராமரிப்பது என் வேலை. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். "முகத்தைப் பதிஞ்சு வெச்சுட்டேன் தம்பி, இனி என்னைத் தவிர யாரும் இதைத் திறக்க முடியாது" என்றார், சந்தோஷமாக. பின் நம்பர் என்ன வைத்திருக்கிறீர்கள் சார் என்று கேட்டேன். 1234. அவர் வெளியே போகும் நாளில் ஜூனியர் பையன் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டுமே, அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். நூற்றுக்கணக்கான பேருடைய பான் எண்ணும் வங்கி விவரமும் அந்த லேப்டாப்பில்தான் இருக்கின்றன. வாசலில் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டு, கொல்லைக் கதவைத் தாழ்கூடப் போடாமல் விட்ட மாதிரி.

விண்டோஸில் முகம் பதியும்போது முதலில் ஒரு பின் நம்பர் வைக்கச் சொல்லும். முகம் தெரியவில்லை, வெளிச்சம் போதவில்லை, முகக்கவசம் போட்டிருக்கிறீர்கள் என்றால் திறப்பதற்கு அந்த நம்பர்தான். அதை அறிந்த யாரும் உங்கள் முகப்பதிவை நீக்கிவிட்டுத் தன் முகத்தைப் பதிந்துகொள்ளலாம், கைரேகையும் சேர்க்கலாம். அதனால் முக அடையாளத்தைப் பலப்படுத்தச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நான் முதலில் மாற்றச் சொல்வது பின் நம்பரைத்தான். நாலு இலக்கத்தோடு நிற்க வேண்டியதில்லை. பின் நம்பர் மாற்றும் பெட்டியிலேயே எழுத்துகளும் குறிகளும் சேர்க்க ஒரு தேர்வு இருக்கிறது, அதை டிக் செய்து எட்டு எழுத்துக்கு மேல் வையுங்கள். தினமும் முகம்தான் திறக்கப்போகிறது, நீளமான நம்பரை எப்போதாவதுதான் அடிக்க வேண்டியிருக்கும். ஜூனியருக்கு வேலை இருந்தால் அவருக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள், அஞ்சு நிமிஷ வேலை அது.

சரி, முகத்துக்கு வருவோம். போட்டோவைக் காட்டினால் திறந்துவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தக் கேமரா என்பதைப் பொறுத்தது. 2009-இல் வியட்நாம் ஆய்வாளர்கள் சிலர் அன்றைய லெனோவோ, ஆசஸ், தோஷிபா லேப்டாப்களில் இருந்த முக அடையாள மென்பொருள்களைப் போட்டோவை வைத்தே ஏமாற்றிக் காட்டினார்கள். அவையெல்லாம் சாதாரண வெப்கேமை நம்பியவை. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த விண்டோஸ் ஹலோ என்ற உள்நுழைவு வசதி, முகத்துக்கு அகச்சிவப்புக் கேமராவைக் கேட்கிறது. லேப்டாப்பைத் திறந்ததும் கேமரா பக்கத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு மினுக்கம் தெரிகிறதே, அதுதான். செல்போன் திரையில் உங்கள் படத்தைக் காட்டினால் அகச்சிவப்புக் கேமராவின் கண்ணுக்கு அது வெறும் கருப்புச் சதுரம், ஏனென்றால் திரையிலிருந்து அந்த ஒளி வருவதே இல்லை. முகத்தின் அளவுகளைக் கணக்காக்கிச் சேமித்து வைப்பதும் உங்கள் கணினிக்குள்ளேயேதான், வெளியே எந்த சர்வருக்கும் போவதில்லை. ஆகவே உங்கள் கணினியில் அகச்சிவப்புக் கேமரா இல்லை, விண்டோஸே இந்த வசதி கிடையாது என்று சொல்கிறது என்றால், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு இலவச மென்பொருளைப் போட்டுச் சாதாரண வெப்கேமில் முகப்பூட்டு அமைத்துக்கொள்ளாதீர்கள். லினக்ஸில் ஹவ்டி என்று ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர்களே இது கடவுச்சொல் அளவுக்குப் பாதுகாப்பானதில்லை, எப்போதும் ஆகாது என்று நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அகச்சிவப்புக் கேமரா இருந்தாலும் அதை ஏமாற்ற வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பரில் ஜெர்மனியின் சிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார், ஒருவர் முகத்தை அகச்சிவப்புக் கேமராவாலேயே படமெடுத்து, அதைக் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டி விண்டோஸ் ஹலோவைத் திறந்தார்கள். அப்போதைய புதிய விண்டோஸ் பதிப்பில், போலி முகத்தைத் தடுக்கும் கூடுதல் அமைப்பை இயக்கியிருந்தால் அது பலிக்கவில்லை. ஆனால் விண்டோஸை மட்டும் புதுப்பித்துவிட்டுப் பழைய முகப்பதிவை அப்படியே விட்டிருந்தால் ஓட்டையும் அப்படியே இருந்தது. பெரிய அப்டேட் முடிந்ததும் முகத்தை நீக்கி மறுபடி பதியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதை மனதில் வைத்துத்தான். அந்தக் கூடுதல் அமைப்பு ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு குரூப் பாலிசி என்ற, விண்டோஸின் விதிகளை அமைக்கும் பகுதியில் பயோமெட்ரிக்ஸ், அதற்குள் ஃபேஷியல் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் என்ஹான்ஸ்டு ஆன்டி-ஸ்பூஃபிங் என்ற பெயரில் இருக்கும்.

2021-இல் சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இன்னொரு வழியில் வந்தார். கேமராவுக்கு முன்னால் எதையுமே காட்டவில்லை. கேமரா போல நடிக்கும் ஒரு யூஎஸ்பி கருவியைச் செருகி, உரிமையாளரின் ஒரே ஓர் அகச்சிவப்புப் படத்தை அதன் வழியாக அனுப்பினார், கணினி திறந்துகொண்டது. அந்த ஜூலையிலேயே மைக்ரோசாஃப்ட் அதை அடைக்க அப்டேட் விட்டது. இதிலிருந்து நமக்கு வேண்டியது என்னவென்றால், வெளியிலிருந்து செருகும் கேமராவை முகம் திறக்க அனுமதிக்காமல் இருப்பது நல்லது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய்ப் பாருங்கள். கீழே, வெளிக் கேமரா அல்லது கைரேகைக் கருவியால் உள்நுழைவது பற்றி ஒரு சுவிட்ச் இருந்தால் உங்கள் கணினி என்ஹான்ஸ்டு சைன்-இன் செக்யூரிட்டி என்ற அமைப்பைத் தாங்கும். அந்தச் சுவிட்சை ஆஃப் செய்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யும், முகத்தின் கணக்குகளும் ஒப்பிடும் வேலையும் விண்டோஸின் மற்ற பகுதிகள் தொடமுடியாத தனி அறைக்குள் நடக்கும். ஆன் செய்தால் அது போய்விடும். மேசையில் பெரிய மானிட்டரும் தனி வெப்கேமும் வைத்திருப்பவர்கள் வசதிக்காக அதை ஆன் செய்துவிடுவதை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் பின் நம்பர் அடித்தே திறக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம் 2025 ஏப்ரல் அப்டேட். அதற்குப் பிறகு எனக்கு வந்த போன்களில் பாதி, "ராத்திரி லைட் அணைச்சா முகம் எடுக்க மாட்டேங்குது, கேமரா போயிடுச்சா?" என்பதுதான். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பு அகச்சிவப்பு மட்டும் போதும் என்றிருந்ததால் கும்மிருட்டிலும் திறந்தது. இப்போது வண்ணக் கேமராவிலும் முகம் தெரிந்தால்தான் திறக்கும், பாதுகாப்புக்காகவே அப்படி மாற்றினார்கள். டிவைஸ் மேனேஜரில் வண்ணக் கேமராவை முடக்கிவிட்டால் பழையபடி இருட்டிலும் திறக்கும் என்று ஒரு குறுக்குவழி சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களுக்காகப் போட்ட தடையை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். மேசை விளக்கைப் போட்டுக்கொண்டால் போதும்.

விண்டோஸ் 10-ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மேலே சொன்ன ஓட்டைகளை அடைத்ததெல்லாம் அப்டேட்டுகள்தான்.

வீட்டில் நடப்பது வேறு மாதிரி. பூட்டுத்திரையைத் தானாக விலக்கும் தேர்வு ஆன் ஆகியிருந்தால், சும்மா லேப்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே உள்ளே போய்விடும். பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து "அப்பா, இங்க பாருங்க" என்றால் முடிந்தது கதை. முக அடையாளப் பகுதியிலேயே அந்தச் சுவிட்ச் இருக்கிறது, ஆஃப் செய்துவிடுங்கள். முகம் தெரிந்தபிறகும் ஒரு தட்டு தட்டினால்தான் திறக்கும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்துவதைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள். மறந்துபோகிறவர்களுக்கு டைனமிக் லாக் இருக்கிறது, ப்ளூடூத்தில் இணைத்த போன் தள்ளிப் போனால் சற்று நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு பெரிய ஓட்டை மிச்சமிருக்கிறது, என் தொழிலில் அடிக்கடி கண்ணில் படுவது. கெட்டுப்போன லேப்டாப்பிலிருந்து ஃபைல்களை மீட்கச் சொன்னால் நான் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுவேன். என்க்ரிப்ட் செய்யாத, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைக்காத டிஸ்க் என்றால் முகமும் கேட்காது, நம்பரும் கேட்காது, எல்லா ஃபைலும் அப்படியே தெரியும். நான் செய்வதைத் திருடனும் செய்யலாம். ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆன் செய்யும் முன் ஃபைல்களுக்கு ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள், அந்த டிஸ்க் திறக்காமல் போனால் திறக்க உதவும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு லேப்டாப் பையில் வைக்காமல் பீரோவில் வையுங்கள். அதைத் தொலைத்தவர்களுக்கு என்னாலும் எதையும் மீட்டுத் தர முடிந்ததில்லை.

இன்னொன்று, சர்வீஸுக்கு வரும் லேப்டாப்களில் மூடியின் மேலேயே பின் நம்பரை எழுதி ஒட்டிக் கொடுக்கிறார்கள். எங்களை நம்பித்தான் தருகிறீர்கள், ஆனால் கடையில் அது நாலு கை மாறும். சர்வீஸுக்கென்று ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கி அதன் கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள். அது போதாத பழுது என்றால், உங்கள் நம்பரைத் தற்காலிகமாக வேறொன்றாக மாற்றிக் கொடுங்கள். லேப்டாப் வீட்டுக்கு வந்ததும் நம்பரை மாற்றி, பதிந்திருக்கும் முகம், கைரேகை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, முதலிலிருந்து பதியுங்கள்.